நாளைய பேருக்கும் சேர்த்து

வீடு மாறுவதற்கென்றே கம்பனி வைத்து, பெட்டி கட்டி, ஏற்றி இறக்கிக் கொடுக்கிற தொழில் கொழும்பில் உண்டு. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் அப்படி எதையும் யாரும் தேடுவதில்லை. இடமாற்றம் கிடைத்த ஆசிரியர், வாடகை வீடு மாறுகிற கடைக்காரர், ஓய்வு பெற்றுத் தோட்டத்து வீட்டைக் கையளிக்கிற உத்தியோகத்தர், யாராக இருந்தாலும் முதலில் ஒரு பட்டா லொறியைப் பேசுவார். சாமான் கூடுதலென்றால் கென்டர். லொறிக்காரர் தனக்குப் பழக்கமான மூன்று நான்கு பையன்களைக் கூட்டிக்கொண்டு வருவார். வாடகை லொறிக்காரரோடு பேசி முடிந்துவிடும். பையன்களுக்கு என்ன கணக்கு என்பது பெரும்பாலும் பேசப்படாமலே லொறி புறப்பட்டுவிடும்.

சாயங்காலம் கடைசிக் கட்டிலும் உள்ளே போனபிறகுதான் அந்தக் கணக்கு வாசலில் வந்து நிற்கும். கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்பவர்களிடம் எவ்வளவு என்று கேட்டால் ஒரே பதில்தான்: “பார்த்துக் குடுங்க, சேர்.” வீட்டுக்காரர் பார்க்கிறார். சட்டைப் பையிலிருந்து நோட்டு ஒன்று வெளியே வருகிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் கையில் அது போகிறது. பெரிய தகராறு எதுவும் நடப்பதில்லை. வாங்கியவர்கள் முகத்தைக் காட்டாமல் லொறியில் ஏறிப் போய்விடுகிறார்கள்.

தகராறு நடக்காததாலேயே இதை ஒரு அறக் கேள்வியாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் சம்பளச் சபை விதித்த தொகை இருக்கிறது. பஸ்ஸுக்கு விதித்த கட்டணம் இருக்கிறது. நுவரெலியா ஹோட்டலில் தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்ததற்குப் பில்லிலேயே நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம் ஏறிவிடுகிறது. அதை மறுத்துப் பேசுவாரும் இல்லை. ஒரு குடும்பத்தின் முழுச் சொத்தையும் தலையில் வைத்து மலை ஏற்றியவருக்குக் கொடுக்க வேண்டியது மட்டும் ஒரு மனிதரின் அன்றைய மனநிலையில் விடப்பட்டிருக்கிறது. கட்டாயப்படுத்த ஆளில்லாத இடத்தில் ஒருவர் என்ன கொடுக்கிறார் என்பது அவருடைய நியாய உணர்வை உள்ளபடி காட்டும்.

கொடுக்க வேண்டியதைப் பேசுமுன் சுமந்தது என்னவென்று பார்க்க வேண்டும். இந்த மலைநாட்டில் லொறி நிற்கிற இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே ஒரு ஏற்றமோ இறக்கமோ இருந்தே தீரும். பெருந்தெருவோரத்தில் மேட்டு லயம் இருந்தால், பணிய லயம் அதற்கும் கீழே ஓடையைப் பார்த்தபடி இருக்கும். போகிற வழி கொங்கிறீட் போட்ட ஒடுக்கமான படி. பல இடங்களில் கொங்கிறீட்டும் பாதியோடு நின்று, மண்ணை வெட்டி வைத்த படியாகிவிடும். ஒரு மர அலுமாரியை அந்த வழியாக இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலு பேர் தூக்க வேண்டிய அலுமாரி. படியோ முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் என்று இரண்டு பேருக்குத்தான் இடம் கொடுக்கும். கீழ்ப்பக்கம் பிடித்தவர் முதுகு காட்டி இறங்குகிறார். கால் வைக்கிற படி அவருக்குத் தெரியாது. மேலே இருப்பவர் “இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு” என்று சொல்லச் சொல்ல, பாதத்தால் தடவிப் பார்த்துத்தான் அடுத்த படியைக் கண்டுபிடிக்கிறார். பாரம் முழுவதும் அவருடைய மார்பிலும் முன்னங்கைகளிலும் சாய்ந்திருக்கிறது. மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருப்பார். நனைந்த சாக்கு அலுமாரியோடு சேர்த்து இன்னொரு பாரம். கணுக்காலில் அட்டை ஏறினாலும் குனிந்து எடுக்க முடியாது. அலுமாரி தரையைத் தொடும்வரை அட்டை குடித்துக்கொண்டிருக்கும்.

ஆண் தொழிலாளி ஒருவர் தனியாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாதென்று சர்வதேசத் தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரை செய்தது. சமதரையில் வேலை செய்யும் துறைமுகத்துக்கும் களஞ்சியத்துக்கும் கூட அந்த அளவு. ஹட்டன் படிகளில் இறங்கும் அலுமாரியையும் குளிர்சாதனப் பெட்டியையும் தையல் மிசினையும் யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

இந்த மலைக்கு வீட்டுச் சாமான் ஏறிய கதை பழையது. நுவரெலியாவில் பண்ணை போட்டுக் குடியேற நினைத்த சாமுவேல் பேக்கர் 1848இல் குடும்பத்தோடும் வேலையாட்களோடும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தார். பசு, வேட்டை நாய்கள், கலப்பைகள், குதிரை வண்டி என்று ஒரு முழுப் பண்ணையே ரம்பொடைக் கணவாய் வழியாக மேலேறியது. 1855இல் அவர் வெளியிட்ட நூலில் வழியில் நொறுங்கிப்போன வண்டிக்கும் செத்துப்போன பசுவுக்கும் தனித்தனிக் கதை உண்டு. நாட்டு வேலையாட்கள் அதில் ஒரு கூட்டமாகவே வந்து போகிறார்கள். ரயில் பாதை ஹட்டனை 1884இலும் நானுஓயாவை 1885இலும் தொடும்வரை, துரைமாரின் பங்களாக்களுக்குப் போன கட்டிலும் கண்ணாடியும் மாட்டு வண்டியிலும் மனிதத் தலையிலும்தான் ஏறியிருக்க முடியும். ரயில் வந்தபிறகும் நிலையத்திலிருந்து பங்களா வரைக்குமான மிச்சத் தூரம் தலைச்சுமைதான். அந்த மிச்சத் தூரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

இனி, “பார்த்துக் குடுங்க” என்ற பதிலுக்கு வருவோம். அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்பவர்கள் பலர். அவர்களே கேட்கவில்லை, கொடுத்ததைச் சந்தோசமாக வாங்கிக்கொண்டு போனார்கள் என்று நிம்மதியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பையன் ஏன் தொகையைச் சொல்லவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். சாமானுக்குச் சொந்தக்காரர் அவனுடைய தங்கைக்குப் படிப்பிக்கிற டீச்சராக இருக்கலாம். தோட்டத்தில் தாய்க்குப் பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, போடுகிற கணக்கப்பிள்ளையாக இருக்கலாம். மாதக் கடைசியில் வீட்டுக்குக் கடன் கொடுக்கிற கடைக்காரராக இருக்கலாம். கூட்டிச் சொல்லிவிட்டால் லொறிக்காரர் அடுத்த ஹயருக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார். குறைத்துச் சொன்னால் கூட வந்தவர்கள் கோபிப்பார்கள். வாயைத் திறந்தால் எந்தப் பக்கமும் நட்டம் என்பதால் தீர்மானத்தை எதிராளியிடம் விட்டுவிடுகிறான். இந்த மௌனத்தைச் சம்மதம் என்று வாசிப்பது வீட்டுக்காரருக்கு வசதி, நியாயமில்லை. விலை பேசத் தெம்புள்ளவரோடு பேரம் பேசலாம். பேசத் தெம்பில்லாதவர் முன்னால் நிற்கும்போது அவருக்காகவும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிற பொறுப்பு மற்றவர் மேல் விழுகிறது.

ஆகவே முதல் கடமை, சந்தோசம் என்று கூலிக்கு மேல் கொடுப்பதைப் பற்றியதே இல்லை. லொறியைப் பேசும்போதே, ஏற்றி இறக்குகிறவர்களுக்கு ஆளுக்கு எவ்வளவு, அதை யார் கொடுப்பது என்று பேசிவிட வேண்டும். எத்தனை படி, என்னென்ன பெரிய சாமான், கீழே இறக்குவதா மேலே ஏற்றுவதா என்பதை மறைக்காமல் சொல்லிப் பேச வேண்டும். “கொஞ்ச சாமான்தான்” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய், அங்கே போனபிறகு இரண்டு காம்பராச் சாமானைக் காட்டுவது பொய் சொல்லி வேலை வாங்குவதுதான். கூலியைக் குறைத்துப் பேசிவிட்டு, கடைசியில் கையில் வைக்கிற நோட்டால் அதை ஈடு செய்துவிடலாம் என்று நினைப்பதும் தவறு. கூலி கேட்டு வாங்கக் கூடியது. சந்தோசம் கொடுத்தால்தான் உண்டு. முதலாவதில் இருக்க வேண்டிய பணத்தை இரண்டாவதற்கு மாற்றினால், அந்த மனிதர் உரிமையோடு வாங்க வேண்டியதற்காக முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதாகிறது.

இந்த வித்தியாசத்தை மலையகத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 2016 ஒக்டோபரில் கையெழுத்தான தோட்டத் தொழிலாளர் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று பெரிதாகச் சொல்லப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய் மட்டும்தான். மிச்சம் வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, தேயிலை விலைக்கு 30 என்று கொசுறாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நிபந்தனை ஒன்று தவறினால் அது இல்லை. சேமலாப நிதிக்கும் 500 ரூபாய்தான் கணக்கு. ஆயிரம் ரூபாய் கேட்டு ஹட்டன் வீதிகளில் நின்றவர்கள் அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தச் சொல்லித்தான் நின்றார்கள். 2019இல் அது 700 ஆனது. 2021இல் வர்த்தமானி வழியாக 900உம் படி 100உமாக ஆயிரத்தைத் தொட்டது. 2024 செப்டம்பரில் 1,350. நிபந்தனையோடு வருகிற பணத்துக்கும் நிலையாக வருகிற பணத்துக்கும் உள்ள தூரத்தை வீட்டு அடுப்பில் அறிந்தவர்கள் இந்த மக்கள். அவர்கள் வீட்டுப் பையனிடம் போய், கூலி கொஞ்சம் கம்மி, ஆனால் கடைசியில் பார்த்துத் தருவோம் என்று சொல்வது தோட்டக் கம்பனிகள் பாடிய அதே பாட்டு.

உலகத்தில் இது புதிதுமில்லை. அமெரிக்காவில் புல்மன் ரயில் பெட்டிகளில் படுக்கை விரித்து, பயணிகளின் பெட்டி தூக்கிய கறுப்பினத் தொழிலாளருக்குக் கம்பனி கொடுத்த சம்பளம் மிகக் குறைவு. மிச்சத்தைப் பயணிகளின் கைக்காசில் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. சில்லறைக்காகச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. ஏ. பிலிப் ரேண்டோல்ஃப் தலைமையில் அவர்கள் 1925இல் சங்கம் கட்டி, 1937இல் கம்பனியோடு ஒப்பந்தம் செய்தார்கள். சம்பளம் சம்பளமாகவே வர வேண்டும் என்பதற்குப் பன்னிரண்டு வருடப் போராட்டம். நமக்குப் பக்கத்தில் கேரளத்தில் சுமை தூக்குவோருக்கு 1978ஆம் ஆண்டுத் தனிச் சட்டமும் பிறகு நல வாரியமும் வந்தன. பகுதிக்குப் பகுதி கூலி விகிதம் எழுதி வைக்கப்பட்டது. அங்கே நோய் வேறு பக்கம் முற்றி, சாமானைத் தொடாமலே பார்த்துக்கொண்டிருந்ததற்குக் கேட்கிற ‘நோக்குகூலி’ வரைக்கும் போய், 2018 மே முதலாம் திகதியிலிருந்து அதை அரசு தடை செய்ய வேண்டி வந்தது. நோக்குகூலிக் கதையைக் காட்டி, சுமப்பவர்களைச் சங்கமாகவே விடக் கூடாது என்று பேசுபவர்கள் உண்டு. ஹட்டனில் அந்த அபாயம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. இங்கே சுமந்ததற்கே முழுக் கூலி கேட்க வாய் வருவதில்லை.

கூலி சரியாகப் பேசி, சரியாகக் கொடுத்தாகிவிட்டது. அதற்கு மேலும் கொடுக்கத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று கனமானது. வசதியுள்ள உத்தியோகத்தர் ஒருவர் தாராளமாகக் கொடுத்தால் அடுத்த முறை அதுவே எதிர்பார்ப்பாகும். லயத்துக் குடும்பம் ஒன்று மகளின் பிரசவத்துக்காக டவுனில் வீடெடுத்துச் சாமான் ஏற்றும்போது, அவர்களால் கொடுக்க முடியாத தொகை அவர்கள் முன்னால் நிற்கும் என்கிறார்கள். இதைத் தட்டிவிட முடியாது. ஆனால் நடைமுறையில் சுமப்பவர்கள் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. லயத்துக் காம்பராவிலிருந்து ஒரு பெட்டியும் இரண்டு சட்டி பானையும் ஏற்றுகிறவரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது வேறு, சோபா செட் ஏற்றுகிறவரிடம் எதிர்பார்ப்பது வேறு. அந்த நிதானம் அவர்களிடம் இருக்கிறது. வசதியுள்ளவர் தன் பையை மூடிக்கொள்வதற்கு ஏழைக் குடும்பத்தைக் காரணம் காட்டுவது அந்த ஏழைக்கும் உதவாது. பேசியதைக் கொடுத்தோம், கடன் தீர்ந்தது என்கிற மற்றக் காரணத்துக்குப் பதில், எவ்வளவு என்ற கேள்வியிலேயே இருக்கிறது.

லொறி வாடகையில் நூற்றுக்கு இத்தனை என்று கணக்குப் போடுவது இங்கே பொருந்தாது. வாடகை தூரத்துக்கும் டீசலுக்கும் ஏற்ப ஏறும். ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகிற சாமான், இரண்டு பக்கமும் வாசலோடு லொறி நின்றால், டிக்கோயாவுக்குள்ளேயே நூறு படி இறங்குகிற சாமானைவிட இலேசானது. சாமானின் பெறுமதியும் அளவுகோல் ஆகாது. பாரத்துக்குத் தொலைக்காட்சியின் விலை தெரியாது.

நியாயமான அளவுகோல் மறுநாள். அப்படிச் சுமந்த உடம்பு அடுத்த நாள் காலையில் எப்படி எழும்புகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தோள் எரியும், தொடை பிடித்துக்கொள்ளும், இறங்கிய படிகள் முழங்காலில் இருக்கும். அந்தப் பையன் தோட்டத்தில் பேர் பதிந்தவனாக இருந்தால் காலைப் பெரட்டுக்கு, வேலை பிரிக்கிற இடத்துக்கு, போக வேண்டும். போகாவிட்டால் பேர் இல்லை. போய், கொழுந்தோ கவ்வாத்தோ கணக்குக்கு வராவிட்டால் அரைப் பேர். 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,550 ரூபாயாக்கி, வருகைக்காக அரசு 200 ரூபாய் கொடுப்பதாகவும் சொன்னது; அந்தக் கணக்கில் ஒரு நாள் படுத்துவிட்டால் 1,750 ரூபாய் போகிறது. டவுனில் நாட்கூலிக்குப் போகிறவனுக்கு இழப்பு இன்னும் கூட. பேசிய கூலி இன்றைய வேலைக்கு. நாளைக்கு அந்த உடம்பிலிருந்து இந்த வீடு எடுத்துக்கொள்வது கூலியில் சேரவே இல்லை. கடன் தீரவில்லை என்பதற்கு இதுதான் காரணம். சந்தோசம் என்ற பெயரில் கொடுப்பது அந்த மறுநாளை நினைத்துக் கொடுப்பதாக இருந்தால், அதற்கு ஒரு அளவு வந்துவிடும்.

படி குறைவு, பெரிய சாமானும் இல்லை, அரை நாளில் முடிந்தது என்றால் நாளைய பேரில் கால்வாசி போதும். ஆளுக்கு 440 ரூபாய் அளவில். வழக்கமான மலைநாட்டு வீடு மாற்றம், ஒரு முழுப் பகல், அலுமாரியும் குளிர்சாதனப் பெட்டியும் படியில் ஏறி இறங்கியது என்றால் அரைப் பேர். ஆளுக்கு 875 ரூபாய்க்குக் குறையக் கூடாது. வைகாசி தொடங்கி ஹட்டன் பக்கம் விடாமல் பெய்கிற மழையில், இருட்டும் வரைக்கும் சுமந்தார்கள் என்றால் ஒரு முழுப் பேர். இந்தத் தொகைகளைப் பெரிதென்று நினைப்பவர்கள், சொந்த முதுகில் அந்த அலுமாரியை வைத்து ஒரு பத்துப் படி ஏறிவிட்டுப் பேசலாம்.

காத்திருப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். நல்ல நேரம் பார்த்துத்தான் நம் வீடுகளில் பால் காய்ச்சுகிறோம். இராகு காலம் முடியட்டும் என்று லொறியில் தார்ப்பாய் போட்டபடி ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைப்பதும், பிறகு நேரம் தப்புமுன் விளக்கும் அரிசியும் உள்ளே போக வேண்டும் என்று ஓடச் சொல்வதும் சாதாரணமாக நடக்கிறது. நம்பிக்கை வீட்டுக்காரருடையது. அதற்காகச் சும்மா நின்ற நேரமும், வழுக்குகிற படியில் ஓடிய ஓட்டமும் மற்றவருடையவை. அந்தச் செலவு நம்பிக்கைக்குச் சொந்தக்காரரைச் சேர வேண்டும்.

கொடுக்கிற விதத்திலும் நியாயம் இருக்கிறது. லொறிக்காரர் கையில் மொத்தமாகக் கொடுத்தால் அது எப்படிப் பிரிந்ததென்று யாருக்கும் தெரியாது. அவரை அவமதிக்காமலே ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுத்துவிடலாம். கூட வந்தவர்களில் கடைசிப் பையன், பதினேழு பதினெட்டு வயது இருக்கும், தலையணையும் சட்டிபானையும்தான் தூக்கினான் என்று பாதி கொடுப்பது வழக்கம். அவனும் அதே படியை அத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கிறான். சமமாகக் கொடுப்பதே நல்லது. பெண்கள் சுமந்தால் இன்னும் கவனம் வேண்டும். பாத்திரம் கழுவி, வீடு கூட்டி, மூட்டை தூக்கி நாள் முழுக்க நின்ற அம்மாவுக்கு ஒரு பழைய சேலையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஆண்களுக்கு மட்டும் காசு கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. மலையகத்தின் வருமானத்தைக் கொழுந்துக் கூடையில் சுமக்கிறவர்கள் பெண்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் வீட்டிலும் இது நடக்கிறது.

காசுக்குப் பதிலாகப் பழைய சாமான் கொடுப்பது இன்னொரு வழக்கம். கால் உடைந்த கதிரை, பஞ்சு வெளிவந்த மெத்தை, புது வீட்டில் வைக்க இடமில்லாத தொலைக்காட்சி. கேட்டு வாங்கினால் சரி. கேட்காதவர் தலையில் வைத்தால், அவர் இன்னொரு பாரத்தையும் சுமந்துகொண்டு தன் லயத்துக்கு ஏற வேண்டும் என்பதுதான் மிச்சம்.

போத்தல் விஷயத்தைச் சற்று நின்று பேச வேண்டும். அலுப்புக்குக் கால் போத்தல் சாராயம் வாங்கிக் கொடுத்தால்தான் பையன்கள் சந்தோசப்படுவார்கள் என்ற பேச்சு இந்த ஊர்களில் சர்வ சாதாரணம். சிலர் கேட்கவும் செய்கிறார்கள், அது உண்மை. குடிப்பது பெரியவர் ஒருவரின் சொந்தத் தீர்மானம், காசாகக் கொடுத்தாலும் அதே கடைக்குத்தான் போகும் என்று வாதிடலாம். ஆனால் காசாகப் போனால் அது வீட்டுக்கும் போகக் கூடும், மகனின் கொப்பிக்கும் போகக் கூடும். தீர்மானிக்கிற இடம் அவர் கையில் இருக்கிறது. போத்தலாகப் போனால் அந்த வாய்ப்பை வீட்டுக்காரர் முதலிலேயே அடைத்துவிடுகிறார். உழைத்த ஆணின் அலுப்புக்கு மருந்து சாராயம் என்ற எண்ணம் எத்தனை லயத்து வீடுகளில் அடுப்பை அணைத்திருக்கிறது என்று அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். அந்த எண்ணத்துக்குப் படித்த, மரியாதையுள்ள வீடுகள் கூலியிலிருந்து தீனி போடக் கூடாது. பாதி வேலையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு மீதிச் சாமானைப் படியில் ஏற்றச் சொல்வதோ உயிரோடு விளையாடுவது. பகலில் சோறு கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். வீட்டாருக்குச் சமைத்த அதே சோறும் கறியும், வீட்டார் குடிக்கிற அதே கோப்பையில் தேத்தண்ணியும். தேத்தண்ணி கொடுக்கவென்று ஒதுக்கி வைத்த பிளாஸ்டிக் கோப்பையை வெளியே எடுக்கிற வீடு, சாயங்காலம் ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் அந்த மனிதருக்குக் கொடுக்க வேண்டிய ஒன்றைக் கொடுக்கவில்லை.

எல்லா வீடு மாற்றமும் கூலிக்கணக்கில் வருவதில்லை. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போகப் பெயர் வந்த குடும்பங்கள் தகரப் பெட்டிகளோடு ஹட்டன் நிலையத்தில் வந்து நின்றபோது, அந்தப் பெட்டிகளைத் தோட்டத்திலிருந்து தூக்கி வந்தவர்கள் பக்கத்துக் காம்பராக்காரர்கள். அந்த ரயிலை அழுகைக் கோச்சி என்றார்கள். அங்கே யாரும் யாருக்கும் காசு நீட்டியிருக்க முடியாது. 2018இல் பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகள் கையளிக்கப்பட்டது போன்ற சமயங்களிலும், லயத்திலிருந்து ஏழு பேர்ச் காணியில் எழும்பிய தனி வீட்டுக்குப் போகிற குடும்பத்துக்கு அயலார்தான் கை. இன்று உனக்கு, நாளை எனக்கு என்று ஓடுகிற ஓட்டம் அது. வள்ளுவர் ஈகையைப் பற்றி ஒரு அதிகாரம் வைத்தபோது அதற்கு முன்னால் ஒப்புரவறிதலை வைத்தார். கூடி வாழ்கிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற உதவி, இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுப்பதிலிருந்து வேறானது என்பது அந்த வரிசையில் தெரிகிறது. அயலாரிடம் போய்க் காசை நீட்டினால் அந்த ஓட்டத்தை நிறுத்தி, கணக்கை முடித்ததாக ஆகும். அங்கே செய்ய வேண்டியது, அடுத்த வீட்டுச் சாமான் ஏறும்போது போய் ஒரு பக்கம் பிடிப்பது.

ஆனால் இந்த உறவின் பெயரைச் சொல்லி நடக்கிற ஒரு அநியாயமும் இருக்கிறது. ஒருபோதும் யார் வீட்டு மூட்டையையும் தூக்கப் போகாத உத்தியோகத்தர், “நம்ம பிள்ளைங்கதானே” என்று நாலு பேரை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, வீட்டை மாற்றிக்கொண்டு, தேத்தண்ணியோடு அனுப்புவது. திரும்பச் செய்ய மாட்டாதவர் ஒப்புரவின் பெயரால் வாங்குகிற வேலை இனாம் வேலை. அல்லது தோட்டத்து ஆட்களை வேலை நாளிலேயே தன் சாமான் ஏற்ற அனுப்பி, அதற்குத் தோட்டக் கணக்கில் பேர் போட்டுவிடுவது. பேர் விழுந்துவிட்டதே, இன்னும் என்ன கொடுக்க இருக்கிறது என்று தோன்றும். அந்தப் பேரைக் கொடுத்தது தோட்டம். வீட்டுக்காரர் தன் பையிலிருந்து ஒரு சதமும் கொடுக்கவில்லை. மலையில் நிற்க வேண்டியவர்களைத் தன் கட்டிலைத் தூக்க வைத்ததே முறைகேடு என்பது ஒரு பக்கம். அதற்குப் பிறகும் கையை வெறுமையாக வைத்துக்கொண்டால், மறுக்க முடியாத ஆளிடம் இலவசமாக வேலை வாங்கியதாகத்தான் அது முடியும். அவர்களுக்குத் தன் காசில் முழுக் கூலியும் கொடுக்க வேண்டும்.

சாமான் உடைந்தால் கழித்துக்கொள்வது பற்றியும் ஒரு வார்த்தை. நிலைக்கண்ணாடி கீறிவிட்டது, கோப்பை செட்டில் இரண்டு போய்விட்டது என்று சந்தோசத்தை நிறுத்தி, கூலியிலும் பிடித்துக்கொள்கிறார்கள். குடித்துவிட்டு வந்து வேண்டுமென்றே போட்டு உடைத்தவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. மழையில் நனைந்த கையிலிருந்து மூலை ஒன்று நழுவியது என்றால், அந்தச் சாமானை அந்த வழியாக, அந்த நாளில் கொண்டுபோகத் தீர்மானித்தவர் யாரோ நட்டம் அவருடையது. கண்ணாடிக்குப் பழைய போர்வை சுற்றாமல் விட்டவரும் அவர்தான்.

சாமானுக்குப் பதில் மனிதர் விழுந்தால்? படியில் சறுக்கி, அலுமாரியின் விளிம்பு காலில் இறங்கி, பையன் ஒருவனை டிக்கோயா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால், லொறிக்காரர் நான் லொறி மட்டும்தான் ஓட்டினேன் என்பார். வீட்டுக்காரர் நான் லொறிக்காரரோடுதான் பேசினேன் என்பார். வேலையில் காயம் பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் 1934இலிருந்து இருக்கிறது. அதைக் கொண்டுபோய் யார் கையில் கொடுப்பது என்பதற்கு இந்த வாசலில் முதலாளி என்று ஒருவர் நிற்பதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டுப் போடக் காசு கேட்க மாட்டார்கள். கட்டோடு வீட்டில் இருக்கிற மூன்று கிழமைக்குக் கடைக்காரர் அரிசியைச் சும்மா கொடுக்க மாட்டார். அந்த நாட்களின் பேரைப் போட வேண்டியவர்கள் அவனை அழைத்து வந்தவரும் அவன் தோளை உபயோகித்தவரும்தான், பாதிக்குப் பாதி. லொறி வாடகை பேசும்போதே, முதல் மூட்டை தோளில் ஏறுமுன், இதையும் அந்தப் பையன்கள் காதில் விழும்படி சொல்லிவிட வேண்டும்.